இரண்டு டென்டல் இன்ஷூரன்ஸ் இருந்தும் 820 டாலர் கட்டிய கதை

கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் டென்டல் இன்ஷூரன்ஸ் இரண்டாக இருப்பது அமெரிக்காவில் சகஜம். வருடத்துக்கு ஒருமுறை பாலிசியைத் தேர்ந்தெடுக்கும் ஓப்பன் என்ரோல்மென்ட் வரும்போது, மாதம் கொஞ்சம் டாலர்தானே என்று அவர் தன் பாலிசியில் மனைவியையும் சேர்த்துவிடுவார், இவள் தன் கம்பெனி பாலிசியில் பிள்ளையையும் சேர்த்துவிடுவாள். "ஒண்ணு கொடுக்காததை இன்னொண்ணு கொடுக்கும்" என்று ஒரு சமாதானம். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். 2023 கடைசியில் எனக்கு ஒரு கடைவாய்ப்பல்லில் ரூட் கெனால் செய்து கிரவுன் போட்டார்கள். அப்போது கையிலிருந்து ஒரு டாலர்கூடக் கட்டவில்லை. அடுத்த வருடம் 2,330 டாலருக்கு பில் வந்தது. அலைந்து திரிந்து அது 820 டாலரில் வந்து நின்றது. நடுவில் என்ன நடந்தது என்று தொகைகளோடு சேர்த்து எழுதுகிறேன். இரண்டு பாலிசிக்கு பிரீமியம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் பிளான் விவரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில் எங்கள் பாலிசிகள். என் கம்பெனி பிளானில் கிளீனிங் மாதிரியான பராமரிப்புக்கு நூறு சதவீதம், ரூட் கெனாலுக்கு 80, கிரவுனுக்கு 50. வருடத்துக்கு அதிகபட்சம் 1,500 டாலர்தான் கொடுப்பார்கள். இதை ஆனுவல் மேக்ஸிமம் என்பார்கள். என் கணவரின் கம்பெனி பிளான் இன்னும் கொஞ்சம் தாராளம்: ரூட் கெனாலுக்கு 80, கிரவுனுக்கு 60, வருடத்துக்கு 2,000. இரண்டிலும் டிடக்டபிள், அதாவது இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் வருடத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டியது, 50 டாலர். இன்ஷூரன்ஸோடு விலை ஒப்பந்தம் போட்ட டாக்டர்களின் பட்டியலை நெட்வொர்க் என்பார்கள். இரண்டு நெட்வொர்க்கிலும் எங்கள் டாக்டர் இருந்தார், ஒப்பந்த விலையும் ஒன்றாகவே இருந்தது: ரூட் கெனால் 1,100, அதன்மேல் பல்லைக் கட்டி எழுப்பும் பில்டப் 250, கிரவுன் 1,150. ஆக மொத்தம் 2,500. இது நெட்வொர்க் விலை. டாக்டர் ஆபீஸின் சொந்த விலைப்பட்டியலில் இதே வேலைக்கு 3,150. இந்த 650 டாலர் வித்தியாசம் பின்னால் வருகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸில் எங்கள் குடும்பத்தின் ஃபைல் பழசு. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே அவர் பாலிசியில்தான் அங்கே போய்க்கொண்டிருந்தேன். வேலை கிடைத்ததும் என் கார்டையும் கொடுத்தேன். முன்மேஜையில் இருந்த பெண் அதை வாங்கி, பழையதை அப்படியே மேலே வைத்துவிட்டு, புதியதைக் கீழே "செகண்டரி" என்று போட்டுக்கொண்டார். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. வைத்தியம் முடிந்து கிளெய்ம் போனது. அவர் பாலிசி முதல் பாலிசியாக 1,680 டாலர் கொடுத்தது. மிச்சம் 820. என் பாலிசி, செகண்டரி என்ற முறையில், அந்த 820-ஐயும் கொடுத்துவிட்டது. என் பங்கு பூஜ்யம். "ரெண்டு இன்ஷூரன்ஸ் வெச்சிருக்கோம்ல, பார்த்தியா" என்று வீட்டில் ஒரே பெருமை. அந்தப் பல்லுக்காகவே எஃப்எஸ்ஏ கணக்கில் (வைத்தியச் செலவுக்காக வரி பிடிக்காமல் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு) கொஞ்சம் பணம் ஒதுக்கியிருந்தேன். பில்லே வராததால் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கினேன், மிச்சம் 340 டாலர் வருடக் கடைசியில் காலாவதியாகிப் போனது. என் கம்பெனியில் மிச்சத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகும் வசதி இல்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

2024 வசந்தத்தில் அவர் இன்ஷூரன்ஸிலிருந்து ஒரு படிவம் தபாலில் வந்தது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது வேறு டென்டல் பாலிசி இருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து, யார் பெயரில் என்று கேட்கும் படிவம். பல கம்பெனிகள் வருடத்துக்கு ஒருமுறை இப்படி அனுப்பும். பதில் போடாவிட்டால் அடுத்த கிளெய்ம்களைக் கிடப்பில் போட்டுவிடுவார்கள். அவர் உள்ளது உள்ளபடி நிரப்பி அனுப்பினார். அதைப் பார்த்ததும்தான் அவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கிறது: இந்தப் பெண்மணிக்குச் சொந்த வேலையில் சொந்தப் பாலிசி இருக்கிறது, அதுதான் முதலில் கொடுத்திருக்க வேண்டும், நாம் ஏன் கொடுத்தோம்? கொடுத்த 1,680 டாலரையும் டாக்டர் ஆபீஸிடம் திருப்பிக் கேட்டார்கள். இதில் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்பது கிடையாது. நெட்வொர்க் டாக்டர் என்றால், அவருக்கு வேறு நோயாளிகளுக்காகப் போக வேண்டிய தொகையிலேயே பிடித்துக்கொள்வார்கள். எங்கள் விஷயத்தில் அதுதான் நடந்தது.

எனக்கு இது தெரிய வந்த விதம் இன்னும் கசக்கிறது. பையனின் கிளீனிங்குக்கு அழைத்துப் போயிருந்தேன். வரவேற்பில் புதிதாக வந்திருந்த ஒருவர் என் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். வரிசையாக மைனஸ் போட்ட தொகைகள் எல்லாம் பிளஸ்ஸாக மாறியிருந்தன. கீழே சிவப்பில் 2,330. "உங்கள் பாக்கியைத் தீர்த்தால்தான் அடுத்த அப்பாயின்ட்மென்ட்" என்றார். பின்னால் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபத்தைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. அன்று கார்டைத் தேய்க்காமல் வந்தேன். இப்போது யோசித்தால், அன்று செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். இப்படி ஒரு பில் நீட்டப்பட்டால், இரண்டு பாலிசியின் ஈஓபி தாளும் (எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று இன்ஷூரன்ஸ் அனுப்பும் கணக்கு) கைக்கு வரும்வரை பணம் கட்டாதீர்கள். "லெட்ஜரைப் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள், இன்ஷூரன்ஸோடு பேசிவிட்டு வருகிறேன்" என்று சொன்னால் போதும். கட்டிய பணத்தைத் திருப்பி வாங்குவது தனி வேலை.

அன்று இரவு உட்கார்ந்து படித்ததில்தான் வரிசை விதி பிடிபட்டது. எந்தப் பாலிசி நல்லது, எதில் அதிகம் கிடைக்கும் என்பதெல்லாம் இதில் கணக்கே இல்லை. நாமே தேர்ந்தெடுக்கவும் முடியாது. ஒருவர் வேலை பார்க்கும் இடத்தில் தன் பெயரில் வைத்திருக்கும் பாலிசிதான் அவருக்குப் பிரைமரி. கணவர் அல்லது மனைவி வழியாக டிபென்டன்ட்டாகச் சேர்ந்திருப்பது எப்போதும் செகண்டரி. ஆக எனக்கு என்னுடையது முதல், அவருக்கு அவருடையது முதல். ஒருவருக்கு இரண்டு வேலை, இரண்டிலும் பாலிசி என்றால் பொதுவாக நீண்ட நாள் இருந்த பாலிசி முதல். வேலை போன பிறகும் சொந்தப் பணம் கட்டி, கோப்ரா என்ற சட்டத்தின்படி தொடர்கிற பாலிசியும், இன்னொரு வேலையில் நடப்பிலுள்ள பாலிசியும் இருந்தால் நடப்பு வேலையுடையது முதல்.

பிள்ளைகளுக்கு வேறு விதி. அம்மா அப்பா இருவரில் யார் பிறந்தநாள் வருடத்தில் முன்னால் வருகிறதோ அவருடைய பாலிசி பிரைமரி. மாதமும் தேதியும்தான் கணக்கு. பிறந்த வருடத்தைப் பார்ப்பதில்லை, யார் வயதில் மூத்தவர் என்பதற்கும் இடமில்லை. எனக்கு மார்ச், அவருக்கு நவம்பர். எனவே பையனுக்கும் என்னுடையதுதான் முதல். இருவருக்கும் ஒரே பிறந்தநாள் என்றால் எந்தப் பாலிசி அதிக நாள் இருந்ததோ அது. ஒரு காலத்தில் அப்பாவின் பாலிசிதான் முதல் என்று இருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்றும் சில ஆபீஸ்களில் யோசிக்காமல் அப்பா கார்டை மேலே வைத்துவிடுகிறார்கள். பெற்றோர் பிரிந்திருந்தால் கோர்ட் உத்தரவில் யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதோ அதன்படி. உத்தரவில் எதுவும் இல்லாவிட்டால் பிள்ளை யாரிடம் வளர்கிறதோ அவருடையது முதலில் வரும்.

விதி தெரிந்த பிறகு சண்டை சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. என் இன்ஷூரன்ஸைக் கூப்பிட்டால், "நாங்கள் செகண்டரியாக 820 கொடுத்தாகிவிட்டது, கிளெய்ம் முடிந்துவிட்டது" என்றார்கள். ஆபீஸில் பில்லிங் பார்த்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார்; புது ஆள் "அனுப்புகிறேன், அனுப்புகிறேன்" என்றே நாளைக் கடத்தினார். இதற்கிடையில் என் பாலிசியில் வைத்தியம் நடந்த தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் கிளெய்ம் போக வேண்டும் என்று கெடு. அது வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் போனது அந்தக் கெடுவை நினைத்துத்தான், பில்லை நினைத்தல்ல. பில்லில் பேரம் பேசலாம். கெடு தாண்டினால் பேச்சுக்கே இடமில்லை.

காரியம் நடந்தது ஒரு வாக்கியத்தில். ஒருநாள் போனில் வந்த பெண்மணியிடம், "இந்தப் பாலிசியில் நான் டிபென்டன்ட் இல்லை, சப்ஸ்கிரைபர், பாலிசியே என் பெயரில். எனக்கு இது செகண்டரியாக இருக்க வாய்ப்பே இல்லை. வரிசையைத் திருத்தி மறுபடி ப்ராசஸ் செய்யுங்கள்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "ஆமாம், தவறாக ஏறியிருக்கிறது" என்றார். திருத்திய கிளெய்மை ஆபீஸ்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. நீங்களே அனுப்பலாம் என்றும் அவர்தான் சொன்னார். அமெரிக்கன் டென்டல் அசோசியேஷனின் கிளெய்ம் படிவத்தில் 4 முதல் 11 வரையுள்ள கட்டங்கள் "வேறு பாலிசி" விவரத்துக்கானவை. ஆபீஸ் அனுப்பிய பழைய படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் கணவர் பெயர் மேலே சப்ஸ்கிரைபர் இடத்திலும், என் பாலிசி அந்த 4 முதல் 11 கட்டங்களிலும் இருந்தன. இரண்டையும் இடம் மாற்றி நிரப்பினேன். கணவரின் இன்ஷூரன்ஸ் பணத்தைத் திரும்ப வாங்கிய கடிதத்தையும் இணைத்து என் பாலிசியின் இணையதளத்தில் ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு போனுக்கும் ரெஃபரன்ஸ் நம்பர் கேட்டு எழுதி வைத்தது இங்கே கைகொடுத்தது. அடுத்து எடுத்தவர் "அப்படி எதுவும் பதிவாகவில்லையே" என்று ஆரம்பித்ததும் நம்பரைச் சொன்னேன், உடனே கிடைத்துவிட்டது.

என் பாலிசி பிரைமரியாக மறுபடி கணக்குப் போட்டது. ரூட் கெனாலுக்கு டிடக்டபிள் போக 1,050-இல் 80 சதவீதம், 840. பில்டப்புக்குப் பாதி, 125. கிரவுனுக்குப் பாதி 575 வர வேண்டும். ஆனால் அந்த வருடம் கிளீனிங், எக்ஸ்ரே என்று ஏற்கெனவே 200 டாலர் போயிருந்ததால் மேக்ஸிமத்தில் மிச்சம் 1,300தான். அதனால் கிரவுனுக்கு 335-ஓடு நிறுத்திக்கொண்டார்கள். மொத்தம் 1,300. முன்பே கொடுத்த 820 போக, கூடுதலாக 480 வந்தது.

அந்த 650 டாலர் விஷயமும் இதே நேரத்தில்தான் கண்ணில் பட்டது. அவர் இன்ஷூரன்ஸ் பணத்தைத் திரும்ப எடுத்தபோது, ஆபீஸ் சாஃப்ட்வேர் நெட்வொர்க் தள்ளுபடியையும் சேர்த்துத் திரும்ப எடுத்துவிட்டது. அதனால்தான் பாக்கி 1,680 என்று காட்டாமல் 2,330 என்று காட்டியது. நெட்வொர்க் டாக்டர் ஒப்பந்த விலைக்கு மேல் நம்மிடம் கேட்கக் கூடாது. இன்ஷூரன்ஸ் எந்த வரிசையில் கொடுத்தாலும் சரி, திருப்பி வாங்கினாலும் சரி, அந்த ஒப்பந்தம் மாறாது. ஈஓபியில் "நோயாளி கட்ட வேண்டியது" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு மேல் ஒரு டாலர் பில்லில் இருந்தாலும் கேளுங்கள். நான் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் அழித்தார்கள்.

இனி பாக்கி 1,200. இதை அவர் பாலிசி செகண்டரியாகக் கொடுத்துவிடும் என்றுதான் ஆபீஸிலும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். வீட்டில் அவர் கால்குலேட்டரை எடுத்து, "என் பிளான் கிரவுனுக்கே 690 கொடுக்கும், ரூட் கெனால்ல மிச்சம் இருக்கற 260, பில்டப்ல மிச்சம் 125. உனக்கு மிஞ்சிப்போனா 125 டாலர்தான் வரும்" என்றார். கணக்கில் பிழை இல்லை. வழக்கமான செகண்டரி அப்படித்தான் கொடுக்கும்: தான் பிரைமரியாக இருந்தால் கொடுத்திருக்கக்கூடிய தொகையைத் தாண்டாமல், மிச்சமிருப்பதை நிரப்பும். ஆனால் வந்தது 380 டாலர். ஈஓபியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இந்தப் பிளான் நான்-டூப்ளிகேஷன் முறையில் கணக்கிடுகிறது.

இந்த ஒரு சொல் தெரியாமல்தான் எத்தனையோ பேர் இரண்டாவது பாலிசிக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான்-டூப்ளிகேஷன் என்றால், செகண்டரி பாலிசி முதலில் "நான் பிரைமரியாக இருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பேன்" என்று பார்க்கும். அதிலிருந்து பிரைமரி கொடுத்ததைக் கழிக்கும். மிஞ்சினால்தான் கொடுக்கும். ரூட் கெனாலுக்கு அவர் பிளானும் 840 கொடுத்திருக்கும், என்னுடையது 840 கொடுத்தாகிவிட்டது, எனவே பூஜ்யம். பில்டப்புக்கு 150-இல் 125 போக 25. கிரவுனுக்கு 690-இல் 335 போக 355. கூட்டினால் 380. நான் கட்ட வேண்டியது 820. அவர் பாலிசி ஒன்று மட்டும் இருந்திருந்தாலும் நான் 820தான் கட்டியிருப்பேன்! இரண்டு குடை பிடித்தாலும் பெரிய குடையின் அகலத்துக்குத்தான் நனையாமல் இருக்கலாம் என்பதுபோல. மூன்றாவதாக மெயின்டனன்ஸ் ஆஃப் பெனிபிட்ஸ் என்று ஒரு முறையும் உண்டு. அதில் பிரைமரி கொடுத்ததைப் பில்லில் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் தன் சதவீதத்தைப் போடுவார்கள். என் கிரவுனையே எடுத்துக்கொண்டால், 1,150-இல் 335 போக 815, அதில் 60 சதவீதம் 489. ஆக ஒரே கிரவுன், ஒரே பிரைமரி. செகண்டரி எந்த முறை என்பதைப் பொறுத்து 690, 489, 355 என்று மூன்று விதமாக வரும்.

இது எந்த முறை என்பதைக் கார்டில் போடமாட்டார்கள். வருடா வருடம் வரும் வழவழப்பான பெனிபிட் புத்தகத்திலும் பெரும்பாலும் இருக்காது. "செகண்டரியாகக் கொடுப்பீர்களா?" என்று போனில் கேட்டால் "கொடுப்போம், நூறு சதவீதம் வரை" என்பார்கள். அது பொய்யில்லை, ஆனால் அதனால் பிரயோஜனமும் இல்லை. கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "உங்கள் பிளானில் செகண்டரி கணக்கு ஸ்டாண்டர்ட் சிஓபியா, நான்-டூப்ளிகேஷனா, மெயின்டனன்ஸ் ஆஃப் பெனிபிட்ஸா?" சிஓபி என்பது கோஆர்டினேஷன் ஆஃப் பெனிபிட்ஸ், ஸ்டாண்டர்ட் என்றால் மேலே சொன்ன வழக்கமான முறை. கார்வ்-அவுட் என்றும் சிலர் சொல்வார்கள், அதுவும் இந்தக் குடும்பம்தான். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் ஹெச்ஆரிடம் எழுத்தில் சம்மரி பிளான் டிஸ்க்ரிப்ஷன் என்ற பிளான் விதிப் புத்தகத்தைக் கேளுங்கள். வேலை வழியாக வரும் பிளான்களுக்கான எரிசா என்ற மத்தியச் சட்டப்படி, எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். அதில் "கோஆர்டினேஷன் ஆஃப் பெனிபிட்ஸ்" என்ற தலைப்பில் ஒன்றிரண்டு பக்கம் இருக்கும். மொத்தப் புத்தகத்தையும் படிக்க வேண்டாம், அதை மட்டும் படித்தால் போதும்.

நான் மாநில இன்ஷூரன்ஸ் துறைக்குப் புகார் எழுதலாம் என்று கிளம்பினேன். அதற்குள் அவர் பிளான் செல்ஃப்-ஃபண்டட் என்று தெரிந்தது. அதாவது கார்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தாலும், பணம் போடுவது அவருடைய முதலாளிதான். இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்குப்பிள்ளை வேலை மட்டும் பார்க்கிறது. பெரிய கம்பெனிகளில் இது நிறைய. இதற்கு மாநில இன்ஷூரன்ஸ் சட்டம் செல்லாது, 1974-இல் வந்த அந்த எரிசா சட்டம்தான். நான்-டூப்ளிகேஷன் விதியும் இப்படிப்பட்ட பிளான்களில்தான் அதிகம் பார்க்க முடியும். கிளெய்மை மறுத்தால் அப்பீல் செய்ய குறைந்தது 180 நாள் உண்டு. முதலாளியின் பிளானையே எதிர்த்து எழுத வேண்டியிருக்கும் என்பதால் பலர் தயங்குவார்கள். எங்கள் வீட்டில் அவரும் தயங்கினார். எங்கள் விஷயத்தில் விதி எழுத்தில் தெளிவாக இருந்ததால் அப்பீலுக்கு வழியும் இல்லை.

"கிரவுனை ஜனவரியில் போட்டிருந்தால் புது மேக்ஸிமம் கிடைத்திருக்குமே" என்று பலர் கேட்டார்கள். எல்லாரும் கொடுக்கும் யோசனை அது. ஒரே ஒரு பாலிசி மட்டும் இருப்பவருக்கு மிக நல்ல யோசனையும்கூட. எங்களுக்கு எப்படியிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். ஜனவரியில் புது டிடக்டபிள் வரும். என் பாலிசி கிரவுனுக்கு 550 கொடுக்கும், அவருடையது 660-இல் அதைக் கழித்து 110 கொடுக்கும். ரூட் கெனாலில் 260, பில்டப்பில் 100, கிரவுனில் 490, ஆக நான் கட்டுவது 850. தள்ளிப்போட்டிருந்தால் முப்பது டாலர் நஷ்டம்! காரணம் இதுதான்: நான்-டூப்ளிகேஷன் செகண்டரி உருப்படியாகக் கொடுப்பது பிரைமரியின் மேக்ஸிமம் தீர்ந்துபோகும்போதுதான். ஒரே வருடத்தில் இரண்டு மூன்று கிரவுன், இம்பிளான்ட் என்று பெரிய வேலை வருகிறவர்களுக்கு அந்த இரண்டாவது பாலிசி உண்மையிலேயே காப்பாற்றும். சாதாரண வருடத்தில் அது சும்மா இருக்கும். எனவே பெரிய வேலைக்கு முன் பிரைமரியிடம் ப்ரீடிடர்மினேஷன் (எவ்வளவு கொடுப்பார்கள் என்ற முன்கூட்டிய கணக்கு) வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் செகண்டரி பங்கை நீங்களே மேலே சொன்ன மாதிரி ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஆபீஸ் கொடுக்கும் எஸ்டிமேட்டில் பெரும்பாலும் வழக்கமான முறையில்தான் கணக்கு இருக்கும்.

எஃப்எஸ்ஏ பணம் போனதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. 2024-இல் கட்டிய 820-ஐ அந்த வருட எஃப்எஸ்ஏவில் கேட்டேன். வைத்தியம் நடந்த தேதி 2023 என்பதால் முடியாது என்றார்கள். எஃப்எஸ்ஏவுக்கு எப்போது பணம் கட்டினோம் என்பது முக்கியமில்லை, எப்போது வைத்தியம் நடந்தது என்பதுதான். 2023-இன் மிச்சமோ போயே போய்விட்டது. ஆபீஸ் கார்டுகளைச் சரியான வரிசையில் போட்டிருந்தால் பில் அந்த வருடமே வந்திருக்கும், அந்த 340 டாலரும் அதற்கே போயிருக்கும். பில் பூஜ்யம் என்று வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் ஈஓபியில் யார் பிரைமரி என்று ஒரு பார்வை பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2024-இன் ஓப்பன் என்ரோல்மென்ட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவர் பாலிசியில் என்னைச் சேர்க்க மாதம் 26 டாலர், வருடத்துக்கு 312. பல்லுக்குப் பெரிய வேலை வந்த வருடத்திலேயே அது எனக்குக் கொடுத்தது 380. பையனுக்குப் பல்லுக்கு க்ளிப் போட வேண்டியிருந்தது. செலவு 5,400. இரண்டு பிளானிலும் க்ளிப்புக்குப் பாதி கொடுப்பார்கள், ஆனால் ஆயுளுக்கும் சேர்த்து உச்சவரம்பு என்னுடையதில் 1,500, அவருடையதில் 2,000. இரண்டும் வழக்கமான முறையாக இருந்தால் க்ளிப்புக்கு இரண்டு வரம்பையும் முழுசாக, 3,500 வரை வாங்கியிருக்கலாம். எங்களுக்கோ, பிறந்தநாள் விதிப்படி என்னுடையது 1,500 கொடுக்கும், அவருடையது 2,000-இல் அதைக் கழித்து 500 கொடுக்கும். மொத்தம் 2,000. என் பாலிசியிலிருந்து பையனை எடுத்துவிட்டு அவருடையதில் மட்டும் வைத்தாலும் அதே 2,000. "ஏங்க, அப்ப எதுக்கு ரெண்டு இடத்துல கட்டணும்?" என்றேன். "க்ளிப்புக்குக் காத்திருப்புக் காலம் ஏதாவது இருக்கான்னு மட்டும் கேட்டுக்கலாம்" என்றார். இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, நான் என்னுடையதில் மட்டும், பையன் அவருடையதில் மட்டும் என்று மாற்றினோம்.

மாற்றினால் வேலை முடிந்தது என்று விடாதீர்கள். 2025 ஜனவரியில் என் கிளீனிங் கிளெய்ம் தொங்கிப்போனது. அவர் பாலிசி இன்னும் நடப்பில் இருப்பதாக என் இன்ஷூரன்ஸ் பதிவில் இருந்ததுதான் காரணம். பாலிசி எந்தத் தேதியில் முடிந்தது என்று பழைய இன்ஷூரன்ஸிடம் ஒரு டெர்மினேஷன் லெட்டர் வாங்கி, மற்ற இன்ஷூரன்ஸுக்கும் டாக்டர் ஆபீஸுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். ஆபீஸில் கொடுக்கும்போது, ஃபைலில் இருந்து பழைய கார்டை எடுத்துவிட்டார்களா என்று திரையிலேயே காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டபோது அவர் பெயர் இன்னமும் மேல் வரியில்தான் இருந்தது.